மட்கார்டில் ஐந்து விரல்

என் அப்பா தொட்டால் இரும்பும் இற்றுப்போகும் என்று சிறுவயதில் நான் நம்பினேன். சும்மா இல்லை, ஆதாரத்தோடு நம்பினேன். அந்த ஆதாரங்களை இப்போது எழுத உட்கார்ந்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது காய்ச்சல் வந்தது. நிஜமாகவே வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நான் செய்த நாடகம் அது என்று அம்மா இன்றுவரை சாதிக்கிறார்.

எங்கள் வீடு புதுப்பட்டினத்தில். கடலுக்குப் பக்கம். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பீரோவின் கீல் என்று எங்கள் தெருவில் துருப்பிடிக்காத இரும்பு எதையும் நான் பார்த்ததில்லை. அப்பாவுக்குப் பக்கத்து அணு வளாகத்தில் வேலை. கணக்குப் பிரிவு. நாள் முழுக்க அவர் தொட்டவை பேப்பரும் டீ கிளாஸும்தான். ஆனால் இதை யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. விளக்கம் கொடுக்கும் பொறுப்பை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எடுத்துக்கொண்டான். அவன் அப்பா சட்டையில் ஒரு பட்டை குத்திக்கொண்டு வேலைக்குப் போவார். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம்.

"உங்கப்பாவுக்கு அந்தப் பட்ட கீதா?"

"இல்லடா."

"அப்ப போச்சு. உள்ள எவ்ளோ ஏறிக்கீதுன்னு யாருக்குமே தெரியாது."

இந்த விதையைப் போட்டுவிட்டு அவன் நிம்மதியாக என் டிபன் பாக்ஸிலிருந்த இட்லியைத் தின்றான்.

அது முளைக்க ஒரு கார் தேவைப்பட்டது. தாத்தா ஓட்டிய டாக்ஸி. முன்பக்கம் தவளை முகம்போல உருண்டிருக்கும். அதில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் அலைந்துதான் தாத்தா அப்பாவைப் படிக்க வைத்தார். தாத்தா போனபின் வண்டி பின்கட்டுக் கொட்டகையில் கிடந்தது. அப்பா, "எடைக்குப் போட்டுடு" என்றார். சித்தப்பா, "போட மாட்டேன்" என்றார். அண்ணன் தம்பி பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான்.

ஒரே வீடு, ஒரே அடுப்பு. இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "உங்க சித்தப்பாவ ரேடியோவ நிறுத்தச் சொல்லு" என்பார் அப்பா. சித்தப்பா அவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி அதைச் சொல்ல வேண்டும். "நிறுத்த முடியாதுன்னு சொல்லு" என்று பதில் வரும். அதையும் சொல்ல வேண்டும். சாம்பார் ஆறிவிடும்.

எதற்காகச் சண்டை என்று எனக்குத் தெரியாது. தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அப்பாதான் அந்த வண்டியில் அவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்பதும், திருக்கழுக்குன்றம் தாண்டி வண்டி நின்றுவிட்டது என்பதும், தாத்தா வீடு திரும்பவில்லை என்பதும் மட்டும் தெரியும். அதற்குமேல் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். வண்டி என்றால் நிற்கத்தான் செய்யும், இதற்குப் போய் இவ்வளவா என்பது என் கருத்து.

சித்தப்பா அந்த வண்டியைப் புதுப்பித்து மறுபடி மாமல்லபுரத்தில் ஓட்டப்போவதாகச் சொல்லிக் கொட்டகையில் இறங்கினார். பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்தார். ஒடுக்கு எடுக்க ஒரு டிங்கர் வந்தார். வந்தவர் வண்டியைச் சுற்றி நடந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்த, ஒரே மூச்சா உரிச்சிகினு நிக்கிற? நான் தட்டி முடிக்கிற வரிக்கும் ப்ரைமர் அடிக்க முடியாது. கடல் காத்து கீதே, விடியறதுக்குள்ள துன்னுரும்."

"அதுக்கு இப்ப இன்னா பண்ண சொல்ற?"

"எண்ணயப் போட்டு வை. டெய்லி போடு. மறந்தியோ, வண்டிய ஜல்லடையாத்தான் ஓட்டணும்."

அன்றிலிருந்து சித்தப்பா தினமும் மெஷின் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து, கிழிந்த பனியனில் தோய்த்து, வண்டி முழுக்கத் தேய்த்தார். பிறகு அம்மாவின் பழைய புடவைகளைப் போர்த்திவிடுவார். வண்டி முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும். எவனும் கை வைக்கக் கூடாது என்று வீட்டுக்கே கட்டளை. வீட்டில் 'எவன்' என்று சொல்லத்தக்கவன் நான் ஒருவன்தான்.

ஒருநாள் காலை, பந்து தேடும் சாக்கில் புடவையை விலக்கிப் பார்த்தேன். முன்பக்க மட்கார்டில் ஒரு கை இருந்தது. வெள்ளித் தகட்டில் ஆரஞ்சு நிறத்தில், ஐந்து விரலும் ரேகையுமாக, துருவாலேயே அச்சடித்த வலது கை. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

அந்த வளைவு எனக்குத் தெரியும். சிறுவயதில் கிணற்று ராட்டினத்தில் சிக்கிய என் அப்பாவின் சுண்டுவிரல் அது.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. சித்தப்பா நாள் முழுக்க அந்த வண்டியில் கை வைக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. டிங்கர் தட்டுகிறார், தடவுகிறார், அதன்மேலேயே உட்கார்ந்து டீ குடிக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. அப்பா வைத்தால் மட்டும் இரும்பு வேகிறது. காரணம் வேறென்னவாக இருக்க முடியும்? அன்று சாயங்காலம் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். சித்தப்பா டீக்கடைக்குப் போனதும் அப்பா ஸ்கூட்டரை நிறுத்தினார். வாசலை ஒருமுறை பார்த்தார். கொட்டகைக்குள் வந்து புடவையை விலக்கி, அதே மட்கார்டில் கையை வைத்தார். வைத்தபடி நின்றார். கண் மூடியிருந்தது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல உள்ளே போய், "காபி" என்றார்.

அறிவியல் பாடத்தில் எங்களுக்கு அந்த வாரம்தான் மின்சாரத்தை மண்ணில் இறக்கும் எர்த் இணைப்பு நடத்தியிருந்தார்கள். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. உடம்பில் ஏறியதை அப்பா வண்டியில் இறக்குகிறார்.

அதன்பிறகு நான் வாழ்ந்த வாழ்வை வாழ்வு என்று சொல்ல முடியாது. அப்பா என் தலையைத் தடவினால் கண்ணாடிக்கு ஓடி முடியை எண்ணாத குறையாகப் பார்ப்பேன். அவர் குடித்த டம்ளரைக் காலால் தள்ளிவைப்பேன். ராத்திரி பாயில் அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுப்பேன். இரும்பே இந்தக் கதி என்றால் அப்பாவின் ஈரல் என்ன கதியோ என்று நினைத்து அழுகை வரும். அழுதால் அம்மா விளக்கெண்ணெய் கொடுப்பார். சித்தப்பா எந்நேரமும் எண்ணெயும் கையுமாகத் திரிந்த வீட்டில் எனக்கும் என் பங்கு கிடைத்தது.

சித்தப்பா இதுவரை அதை ஏதோ துருக்கறை என்று துடைத்திருப்பார்; உற்றுப் பார்த்தால் அப்பாவின் வியாதி வெளியே தெரிந்துவிடும். அதனால் ஒரு சனிக்கிழமை காலையில் எழுந்ததும் உப்புத்தாளை எடுத்து அந்தக் கையைத் தேய்த்து அழித்தேன். தேய்த்த இடத்தில் எண்ணெய் போட வேண்டும் என்பது இந்த விஞ்ஞானிக்குத் தோன்றவில்லை. ஐந்து விரல் இருந்த இடத்தில் சோற்றுத் தட்டு அளவுக்குத் துரு பூத்தது. அன்று சாயங்காலம் அப்பாவும் வழக்கம்போல அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டிங்கரின் குரல் அடுக்களை வரை கேட்டது.

"எவனோ வேணும்னே பண்ணிக்கிறான் அண்ணாத்த. எண்ணயத் தொட்ச்சி, தேச்சி வுட்டுகிறான்."

சித்தப்பாவின் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. "வேற எவன்? எடைக்குப் போட சொன்ன ஆளு வூட்டுக்குள்ளதான கீறாரு" என்றார். கையில் ஸ்பானரோடு வீட்டைப் பார்த்து நடந்தார். அம்மா வழியாகவும் என் வழியாகவும் இத்தனை நாள் பேசியவர், இப்போது நேராகப் பேசப் போகிறார் என்று தெரிந்தது. பேசினால் ஒருவர் வீட்டை விட்டுப் போவார் என்றும் தெரிந்தது.

நான் குறுக்கே விழுந்தேன்.

"நான்தான் சித்தப்பா தேய்ச்சேன். அப்பா கையில அணு கீது சித்தப்பா. தெனம் சாயங்காலம் வண்டியில எறக்கறாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்க, அவரு செத்துடுவாரு."

டிங்கர் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த பீடி மடியில் விழுந்தது. "அடேய், அணுவ எறக்க ஒங்க நைனாவுக்கு வேற வண்டியே கெடைக்கலியா?" சித்தப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மட்கார்டுக்குக் குனிந்தார். புதிதாக விழுந்திருந்த கையைப் பார்த்தார். வளைந்த சுண்டுவிரலைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"தெனமா வெக்கிறாரு?"

"தெனம்."

"இங்கியேதானா?"

"இங்கியேதான்."

சித்தப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் சித்தப்பா டீக்கடைக்குப் போகவில்லை. அப்பா ஸ்கூட்டரை நிறுத்தியபோது கொட்டகையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பா தயங்கி, வீட்டுப் பக்கம் திரும்பினார். சித்தப்பா நிமிராமலே சொன்னார்.

"தொடறதுன்னா எண்ண தடவிக்கினு தொடுண்ணா. வெறுங்கைய வெச்சா துரு புடிச்சிக்கும்."

பழக்கதோஷத்தில் நான் இதை அப்பாவிடம் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை. அப்பா முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, எண்ணெய் டப்பாவில் கையை முக்கினார். விரல்களைத் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"மண்ணெண்ணெய் ஜாஸ்தி. அப்பா இவ்ளோ கலக்க மாட்டாரு."

"அப்ப நீயே கலக்கு."

கலக்கினார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தேய்த்தார்கள். அப்பாவின் வெள்ளைச் சட்டை நாசமாயிற்று. ஒரு மஞ்சள் கறைக்கு மூன்று தலைமுறையைத் திட்டும் அம்மா, அந்தச் சட்டையை ஒன்றும் சொல்லாமல் வாங்கி ஊறவைத்தார். அம்மாவுக்கும் ஏதோ ஏறிவிட்டது என்று நான் சந்தேகப்பட்டேன்.

வண்டி இன்றும் ஓடுகிறது. சித்தப்பா மகன் அதைக் கல்யாணப் படம் எடுக்க மாமல்லபுரம் கடற்கரைக்கு வாடகைக்கு விடுகிறான். அந்த மட்கார்டில் சாய்ந்துதான் மணமக்கள் சிரிக்கிறார்கள்.

அப்பாவின் கையில் அணு எதுவும் இல்லை. சித்தப்பா, டிங்கர் கைகள்போல நாள் முழுக்க எண்ணெயில் கிடந்த கைகள் இரும்பை ஒன்றும் செய்யாது. வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி வந்த அப்பாவின் கையில் வியர்வை இருக்கும், வியர்வையில் உப்பு இருக்கும். திருக்கழுக்குன்றம் சாலையில் வண்டி நின்றபோது, ஒரு லாரி வந்து ஏற்றிக்கொள்ளும் வரை, தாத்தா அந்த மட்கார்டில்தான் சாய்ந்து நின்றிருந்தார் என்று அம்மா பின்னொரு நாள் சொன்னார். அப்பா தினமும் கை வைத்தது அந்த இடத்தில்.