தண்டல் வீட்டு ஜன்னலும் அண்ணாச்சியின் சுவரும்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் பால் காய்ச்சினார்கள். தெருவே வந்திருந்தது. 'இந்த வீட்டைக் கட்டவே விடமாட்டோம்' என்று கொடி பிடித்த அத்தனை பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து பாயசம் குடித்தார்கள்.

அடுத்த மனையில் ஒருவர் கடைக்கால் தோண்டினால் நமக்கு ஏன் பொறுப்பதில்லை? எனக்கும் பொறுக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

எங்கள் வீட்டுக்கும் தோணித் தலைவராக இருந்த சூசைத் தண்டல் வீட்டுக்கும் நடுவில் ஒரு காலி மனை. அகலம் குறைவு, பின்பக்கம் கடல். அதைக் கருப்பட்டிக் கடை ஆறுமுகம் அண்ணாச்சி வாங்கினார். யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து தப்பி வந்த மகள் பொன்னம்மாவுக்காக. புருஷனை வழியிலேயே காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். இரண்டு பெண் குழந்தைகளோடு, கடைக்குப் பின்னால் கருப்பட்டி மூட்டைகளுக்கு நடுவே காலம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஐந்தடி இடம் விட வேண்டும் என்பது முனிசிபாலிட்டி விதி. விட்டால்? மிஞ்சுவது வீடு அல்ல, நடைபாதை! ஆகவே, ஒரு பக்கம் மட்டும் எல்லையை ஒட்டிச் சுவர் எழுப்ப விதிவிலக்கு வேண்டும் என்று அண்ணாச்சி மனுப் போட்டார். தண்டல் வீட்டுப் பக்கம்.

என் பக்கம் ஏன் கேட்கவில்லை? 'பத்திரிகையிலே எழுதுதவரு... வம்பு' என்று பயந்தாராம். என் பேனாவுக்கு இப்படியும் ஒரு மரியாதை.

ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று முனிசிபாலிட்டி அறிவித்ததுதான் தாமதம் — காற்று நின்றுவிடும் என்றார் ஒருவர். திருவிழாச் சப்பரம் திரும்பாது என்றார் இன்னொருவர். சப்பரம் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது! யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஆட்சேபணை ஒன்றும் இருந்தது. என்னைத் தவிர எல்லோரும் கடல் தொழில்காரர்களாக இருக்கும் வரிசையில் கடைக்காரர் எதற்கு?

உண்மையான காரணம் இருந்தது ஒருத்தருக்குத்தான். தண்டலின் மனைவி ரோசம்மாவுக்கு.

முனிசிபாலிட்டி ஓவர்சியர் டேப்போடு அளக்க வந்த அன்று ரோசம்மா மனையின் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"அண்ணாச்சி, உங்க மக நல்லா இருக்கட்டும். ஆனா இங்கன சுவரு வந்தா என் மனுசன் செத்துப் போவாரு. சொல்லிட்டேன்!"

"என்னம்மா, சுவரு வந்தா ஆளு சாவாங்களா?" என்றார் ஓவர்சியர்.

"உள்ள வந்து பாருங்க."

ஓவர்சியர் போனார். நானும் போனேன். அண்ணாச்சியும் பொன்னம்மாவும் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார்கள்.

ஒரே அறை. ஒரே ஜன்னல். அதன் ஓரமாகக் கட்டில். கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல், பக்கவாதத்தில் ஒரு கையும் ஒரு காலும் போய்ப் படுத்திருந்தார். தலையணையில் சாய்ந்து பார்த்தால் காலி மனை வழியாகக் கடல் ஒரு கீற்றாகத் தெரிந்தது. பாய் விரித்து ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது. நாங்கள் வந்ததைக்கூடக் கவனிக்காமல், அது மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு திரும்பினார். பொன்னம்மாவைப் பார்த்தார்.

"யாருளா நீ? எங்கன இருந்து வார?" குழறலான பேச்சு.

"ரங்கூன்ல இருந்து வந்தேன்யா."

"எந்தக் கப்பல்?"

"கப்பல்ல இடம் கெடைக்கல. நடந்து வந்தோம்."

தண்டல் அவள் கால்களைப் பார்த்தார். கடல் தூரமெல்லாம் அறிந்தவர். அந்தத் தரை தூரத்தை மனசுக்குள் நடந்து பார்த்தாரோ என்னவோ. நல்ல கையால் கட்டிலைத் தட்டினார்.

"உக்காருளா... கால் வலிக்கும்லா."

நடந்து வந்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. விசாரித்தவர்கள் எல்லோரும் என்ன கொண்டுவந்தாய், எதை விட்டுவிட்டு வந்தாய் என்றுதான் கேட்டிருப்பார்கள். நான்கூட அப்படித்தான் கேட்டேன். கால் வலிக்குமே என்று யார் சொன்னார்கள்?

பொன்னம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ரோசம்மா சண்டையை மறந்து, செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

வெளியே வந்ததும் பொன்னம்மா சொன்னாள்: "அப்பா, இந்தப் பக்கம் சுவரு வேண்டாம்."

"அப்போ வீடு எங்கட்டி கட்ட?"

அண்ணாச்சியின் குரல் உடைந்துவிட்டது. ஓவர்சியர் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"எங்க சுவரை ஒட்டிக் கட்டிக்கிடுங்க அண்ணாச்சி" என்று ஒரு குரல். என் மனைவி! "எங்க வீட்டு ஐயாவுக்கு ஆட்சேபணை ஒண்ணும் கிடையாது."

கிடையாது என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். ஓவர்சியர் என்னைப் பார்த்தார். தெருவும் பார்த்தது. தலையாட்டினேன். எங்கள் குளிப்பறை ஜன்னல் அடைபட்டது. இப்போது பட்டப்பகலில் விளக்கேற்றிக் குளிக்கிறேன்.

தண்டல் பக்கம் ஐந்தடி நின்றது. கடலும் அந்தக் கீற்றளவுக்கு நின்றது.

எல்லாம் சுபம் என்று முடித்திருப்பேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையிலேயே அந்த ஐந்தடிச் சந்தில் பெருஞ்சத்தம்.

"ஏளா பொன்னம்மா, சேலையை எடு! தோணி வருது, மனுசனுக்கு மறைக்குது!"

"ஈரம் காய வேண்டாமா அத்தை? இங்கனதான வெயிலு அடிக்கி!"

"உங்க அப்பன் கடையில கொண்டுபோயி காயப்போடு!"

என் மனைவி பதறிக்கொண்டு கிளம்பினாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

வேற்றாரோடு யாராவது இவ்வளவு உரிமையாகச் சண்டை போடுவார்களா?