ஆயுத பூஜைக்கு அடித்த பெயின்ட்

நேற்று எங்கள் அலுவலகத்துப் பழைய ஜீப்புக்கு ஆயுத பூஜைக்காகப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பானெட்டைத் திறந்து, உள்ளே இருந்த இரும்பையெல்லாம் வெள்ளி நிறமாக்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் அண்ணனிடம், "அண்ணே, போல்ட்டக் கழட்டுன எடத்துல மட்டும் அடிக்காதீங்க" என்றேன். "ஏம்மா, அதுவும் அழகா இருக்கட்டுமே" என்றார். பிரஷ்ஷை அவர் கையிலிருந்தே வாங்கி வைத்துவிட்டேன். கொஞ்சம் அதிகாரம்தான். என்ன செய்ய, அந்த டர்பன்டைன் வாசனை மூக்கில் ஏறினால் எனக்குச் சண்டைக்காரி முகம் வந்துவிடுகிறது.

காரணம் ஒரு வேன். எங்கள் ஊர் சாணார்பட்டிப் பக்கம். அப்பா சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மல்லியும் சம்பங்கியும் ஏற்றிப்போய்த் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்குவார். பூ மூட்டைகளுக்கு நடுவே நானும் ஒரு மூட்டையாக உட்கார்ந்து பாலிடெக்னிக் போவேன். எங்கள் குடும்பத்தில் பேருந்துப் பலகையை எழுத்துக்கூட்டாமல் படித்த முதல் ஆள் நான்தான். ஆனால் கல்லூரி நேரத்துக்கு எங்கள் ஊருக்குப் பேருந்துதான் கிடையாது. வகுப்பில் நுழைந்ததும் பக்கத்துப் பெஞ்சுக்காரி மூக்கை உறிஞ்சுவாள்: "ஏய், காலேஜுக்கு வந்தியா, கல்யாணத்துக்குப் போறியா?" மல்லிக்குள் கலந்திருந்த டீசல் வாசனையை அவள் நாகரிகமாக விட்டுவிடுவாள். இன்றுவரை எனக்குத் தலையில் பூ வைக்கப் பிடிக்காது. ஆயுசுக்கும் சேர்த்து அப்போதே மணந்தாயிற்று.

நான் இரண்டாம் வருடம் படிக்கையில், ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் வேன் படுத்துக்கொண்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி போச்சு என்றார்கள், புதுசு போட்டோம். அதே 'டிக்'. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி டவுன் மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் மேசையில் வைத்துச் சுற்றவிட்டு, நன்றாயிருக்கிறது என்று திருப்பித் தந்தார். சித்தப்பாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "பூசையன்னைக்குப் பின்வீல் எலுமிச்சம்பழம் நசுங்காம வழுக்கி ஓடுச்சுல்ல, அதேன்."

தினம் விடியலில் தெருவே கூடி வேனைத் தள்ளியது. தள்ளினால் கிளம்பிவிடும். முதல் வாரம் சிரித்துக்கொண்டு வந்தவர்கள், மூன்றாம் வாரம் எங்கள் வேன் கதவுச் சத்தம் கேட்டதும் தங்கள் கதவைச் சாத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானே ஒருநாள் வயிற்றுவலி என்று படுத்திருக்கிறேன்.

"அண்ணே, வண்டிக்கு வயசாச்சு. வித்துப்புடுங்க" என்றார் சித்தப்பா.

"பாப்பா எப்பிடிப் போகும்?"

"படிச்சவரைக்கும் போதும்ணே. கரண்டுப் படிப்புப் படிச்சுட்டு என்ன, கம்பத்துலயா ஏறப்போகுது?"

அப்பா வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சித்தப்பாவின் பேச்சைவிட அதுதான் என்னை உலுக்கியது. ஞாயிற்றுக்கிழமை ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர் வேனைப் பார்க்க வருவதாக முடிவாயிற்று. வேன் போனால் என் படிப்பும் போகும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை அம்மாவை வேனில் உட்கார வைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவள் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டாள். "யம்மா, கும்பிட்டது போதும், சாவியத் திருப்பு." திருப்பினாள். 'டிக்'. முன்விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பவும் திருப்பச் சொன்னேன். சுவரில் விழுந்த வெளிச்சம் மங்கவே இல்லை. பேட்டரி செத்திருந்தால் சாவி திருப்பும்போது விளக்கு அழுது வடியும். இது சிரித்துக்கொண்டிருந்தது. நாலைந்து தடவை திருப்பச் சொல்லிவிட்டு, எஞ்சின் பக்கம் குனிந்து பார்க்கையில் தற்செயலாகக் கை கிளட்ச் கேபிளில் பட்டது. சுட்டது. இன்னும் கிளம்பாத வண்டியில் கிளட்ச் கேபிள் ஏன் சுட வேண்டும்?

அப்போதுதான் விளங்கியது. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். அதற்கென்று எஞ்சினிலிருந்து வண்டியின் பாடிக்குப் போகும் தடித்த எர்த் ஒயர் ஒன்று உண்டு, பாடியிலிருந்து பேட்டரியின் மைனஸுக்கு இன்னொன்று. அந்த வழி எங்கோ அடைபட்டு, மின்சாரம் இந்த ஒல்லிக் கேபிள் வழியாக நெருக்கியடித்துப் போகப் பார்க்கிறது.

அதற்குள் ஒட்டன்சத்திரத்துக்காரர் தன் மினி லாரியில் வந்து இறங்கிவிட்டார். "ஏனுங்க, செல்ஃப் எடுக்கலீங்களா?"

"உங்க வண்டில ஜம்பர் கேபிள் இருக்குங்களா?" என்று கேட்டேன். செத்த பேட்டரிக்கு இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து உயிர் கொடுக்கும் ஒயர் ஜோடி அது; எடுத்துத் தந்தார். இரண்டு ஒயரில் ஒன்றை மட்டும் உருவினேன்.

சித்தப்பா சிரித்தார். "ஏ புள்ள, இன்னொரு பேட்டரி எங்க? ஒத்த ஒயர வச்சுத் துணியா காயப்போடப் போற?"

"செத்த நேரம் வாய மூடிக்கிட்டு நில்லுங்க சித்தப்பா."

அப்படி அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் மாட்டினேன், மறு முனையை நேராக எஞ்சின் இரும்பில் கவ்வவிட்டேன். "யம்மா, திருப்பு."

வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. அம்மா அலறிக்கொண்டு கீழே குதித்தாள்.

பிறகு எஞ்சினை நிறுத்தி, எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் கனமாக, வழவழவென்று வெள்ளிப் பெயின்ட். போல்ட்டின் மரை வழியாக ஒரு வாரம் ஒப்பேற்றியிருந்த தொடுப்பும் கருகிப்போயிருந்தது. பூஜைக்கு முந்தின நாள் போல்ட்டைக் கழற்றி, பூசி, காய்ந்ததும் பத்திரமாகத் திரும்ப முடுக்கியவர் யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம். "துரு ஏறக் கூடாதுன்னுதேன்..." என்றார். அரிவாள்மனை நுனியால் இரும்பு தெரியும்வரை சுரண்டி, ஒயரைப் பழையபடி முடுக்கினேன். எலுமிச்சம்பழம் நிரபராதி.

"வண்டி குடுக்குறதா இல்லைங்க" என்றார் அப்பா.

"வண்டி வேண்டாமுங்க, பாப்பாவ நம்ம லாரி ஷெட்டுக்கு அனுப்புங்க" என்று சிரித்தார் வந்தவர்.

"அது காலேஜுக்குப் போகணுங்க." அப்பா சொன்னது அவ்வளவுதான். எனக்கு அது போதுமாயிருந்தது.

அந்த வேன் நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு பழைய இரும்புக்குப் போனது. சித்தப்பா இப்போதெல்லாம் விசேஷ வீடுகளில், "எங்க புள்ள கை வச்சா எந்த வண்டியும் கெளம்பும்" என்கிறார். நான் விடுவதில்லை. "பெயின்ட் அடிச்சது யாருன்னும் சேத்துச் சொல்லுங்க."

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். இப்போது காலையில் பஸ் வருகிறது. பை மாட்டிய பெண்கள் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். எர்த் ஒயர் எங்கிருக்கும் என்று அவர்களில் ஒருத்திக்கும் தெரிந்திருக்காது. படிக்கப் போக, நாலு பேர் முன்னால் வண்டியைக் கிளப்பிக் காட்ட வேண்டியிருந்த காலம் போயே விட்டது. அதற்காக நான் ஏங்கவில்லை. ஜன்னலோரம் இடம் பிடித்த ஒருத்தி, பஸ் ஊரைத் தாண்டும் முன்பே தூங்கிப்போனாள். தூங்கட்டும்.