நல்லதாக ரெண்டு வார்த்தை

என் மனைவியின் தம்பி சட்டையை இன் பண்ணிக்கொண்டு நின்றதுதான் இன்றும் கண்ணில் இருக்கிறது. போனில் பேசப்போகிறவனை யார் பார்க்கப்போகிறார்கள்? பூந்தமல்லியில் பைக் மெக்கானிக்கான அவன், அன்று மதியம் கோவில்பதாகையில் எங்கள் வீட்டு ஹாலில் ஏதோ ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரியாக மாறிக்கொண்டிருந்தான். “கைதான் கிரீஸா கீது மாமா, போவ மாட்டேங்குது” என்று வேறு வருத்தப்பட்டான்.

எல்லாம் என் பழைய மேலாளரால் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவருக்குக் கீழே தரப் பரிசோதனை பார்த்தேன். ஆட்குறைப்பு வந்தபோது, “நீங்களே விலகுறதா எழுதிக் குடுத்துடுங்க தம்பி, அதான் நல்லது” என்றார். யாருக்கு நல்லது? அப்போதே எனக்குச் சுருக்கென்றது. கடைசி நாள் கேட் வரை கூடவே நடந்து வந்தார். பாசத்தில் வந்தாரா, நான் வெளியே போனதை உறுதிசெய்ய வந்தாரா? நான் இரண்டாவதைத்தான் நம்பினேன்.

அதன்பின் நான் சும்மா இருக்கவில்லை. அளவெடுக்கும் புது மெஷின்களுக்கு புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். போன இடத்திலெல்லாம் நேர்காணல் நன்றாகவே முடிந்தது. பழைய மேலாளரிடம் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்பார்கள், அதோடு சரி. இன்னும் ஒன்று கைநழுவினால் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். அவர்தான் எதையோ சொல்லிக் கெடுக்கிறார், நெருப்பில்லாமல் புகையுமா? அவர் வாயாலேயே அதைக் கேட்டுவிடத்தான் மைத்துனனை இழுத்துவந்து, அவன் போனிலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேச வைத்தேன்.

“அவரா? தங்கமான ஆளு சார்” என்றது அந்தப் பழகிய குரல். “அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் வெளிய போகாது. அவரை விட்டது எங்களுக்குத்தான் நஷ்டம்.” இவ்வளவு இனிப்பு எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. இது என் வேலைதான் என்று தெரிந்துகொண்டு விளையாடுகிறாரோ?

அவர் கொஞ்சம் தயங்கினார். “தப்பா நெனைக்காதீங்க சார். உங்க கம்பெனியில என் வயசு ஆளுக்கு ஏதாவது இருக்குமா? என்னையும் எழுதிக் குடுக்கச் சொல்லிட்டாங்க. வீட்டுல இன்னும் சொல்லல.”

மைத்துனன் என் முகத்தைப் பார்த்தான். ரிப்பேருக்கு வண்டி விட வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய அவன் வாய், தானாகவே பேசிவிட்டது: “கவலையே படாதீங்க சார், முடிச்சிக் குட்த்துரலாம்.”

போனை வைத்ததும் திரும்பினான். “இன்னா மாமா, இந்தாள் மேலயா டவுட்டு பட்ட?”

அதற்குள் என் போன் அடித்தது. அவர்தான். “தம்பி, உங்களைப் பத்தி ஒரு கம்பெனியில கேட்டாங்க. நல்லா சொல்லியிருக்கேன், தைரியமா இருங்க” என்றார். குரலில் அப்படியொரு சந்தோஷம். “எனக்கும் பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. விசாரிக்க உங்க நம்பரைத்தான் குடுக்கப்போறேன், உங்களுக்குத்தான் போன் வரும். நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்க.” சரி சார் என்றேன். வேறு என்ன சொல்வது?

இப்போது எனக்குத் திருமழிசைப் பக்கம் வேலை. அவருடைய எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. தெரியாத எண் என்றால் ஏமாற்றுக்காரன் என்று துண்டித்துவிடுகிற ஆள் நான். இன்று ஒன்றையும் விடாமல் எடுக்கிறேன். லோன் வேண்டுமா என்கிறார்கள், மனை வாங்குகிறீர்களா என்கிறார்கள். அவரைப் பற்றி மட்டும் இன்னும் யாரும் கேட்கவில்லை.