தண்ணீர் குடிக்காத பழக்கம்

எங்கள் வீட்டில் பல் தேய்க்கிற பழக்கம் போலவே தண்ணீர் குடிக்காத பழக்கமும் ஒன்று இருந்தது. ஆலங்காயம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன், விடியும்போதே எங்கள் தெருமுனைக்கு வந்துவிடும். அம்மா அதற்கு முன்பே எழுந்து சோறாக்கி, டப்பா கட்டி, தலைவாரி நிற்பாள். அரை டம்ளர் டீ. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் வாயில் படாது. வேனிலிருந்து இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டி மறைப்புக்குப் போவாள். பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பாள்.

அவளுக்கு ஷூவின் மேல்தோலைத் தைக்கிற மிஷினில் வேலை. ஒருத்தி தைத்ததை அடுத்தவள் வாங்கித் தைக்க வேண்டும். ஒருத்தி எழுந்து போனால் அவள் இடத்தில் தோல் குவிந்துவிடும். அதனால் பாத்ரூம் போவதற்கு டோக்கன் வைத்திருந்தார்கள். மொத்த லைனுக்கும் இரண்டு மரத்துண்டுகள், சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அந்த ஆளிடம் கேட்டு வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க நடந்து போக வேண்டும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது அம்மா குடிக்க மாட்டாள் என்பது மட்டுமே.

ஐந்தாம் வகுப்பில் சுதந்திர தினத்துக்குப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, 'வாழ்நாள் முழுதும் கைகொடுக்கும் பழக்கங்கள்'. மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டில் யாராவது எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த ஆள் நான்தான். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்றேன்.

"யம்மா, உனக்கு இன்னா நல்ல பழக்கம் கீது?"

"எனக்கா?" என்று சிரித்தாள். "காலைல வேன் ஏறுனா பொழுது சாயற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டேன். ஒட்டகம் மாதிரி. இத எழுதிக்கோ, பிரைஸ் குடுப்பாங்க."

நான் எழுதிக்கொண்டேன்.

சுதந்திர தினத்தன்று கம்பெனிக்கு லீவு. வேனில் போகும் பெண்களெல்லாம் பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் அதே கம்பெனியின் எச்.ஆர். ஆபீசர். எங்களுக்கெல்லாம் ஸ்கூல் பேக் கொடுக்க வந்தவர். நான் மைக்குக்கு எட்டாமல் நுனிக்காலில் நின்று, அதிகாலையில் எழுதல், உண்மை பேசுதல் என்று தொடங்கி, கடைசியில் அம்மாவுக்கு வந்தேன். என் தாய் கடமையின் பொருட்டுத் தாகத்தையே வென்றவர், காலை முதல் மாலை வரை தண்ணீர் அருந்தாமல், இருக்கையை விட்டு எழாமல் உழைப்பவர் என்று முழங்கினேன். 'அருந்தாமல்' பாடப்புத்தகத்தில் கிடைத்த சொல்.

ஆபீசர்தான் முதலில் கைதட்டினார். மைக்கை வாங்கி, "இந்தப் பையனோட அம்மா நம்ம கம்பெனியா? எந்த லைன்?" என்று கேட்டார். அம்மா கையைக் கூப்பிக்கொண்டு எழுந்து நின்றாள். "பாருங்க, இதுதான் டிசிப்ளின். இத யாரும் சொல்லிக் குடுக்க முடியாது" என்றார். எனக்கு பேக்கோடு ஒரு டிபன் பாக்ஸும் கிடைத்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னம்மா, அதே லைனில் தைக்கிறவள், சத்தமாகவே சொன்னாள்: "இன்னாக்கா, உனக்கு மட்டும் மூத்திரப் பை ரப்பர்ல செஞ்சி வெச்சிக்கீறானா ஆண்டவன்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அந்த வாரமே ஆணியில் ஒரு டோக்கன் காணாமல்போனது. சின்னம்மா எங்கள் வாசலில் வந்து நின்று கத்தியபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

"ரெண்டு இருந்திச்சி, சூப்பர்வைசரு ஒண்ணாக்கிட்டான். கேட்டா இன்னா சொல்றான் தெரியுமா? 'அந்தம்மா போவாமத்தான் கீறாங்க, உங்களுக்கு மட்டும் இன்னா கேடு?'ங்கறான். உன்னக் காட்டித்தான்க்கா சொல்றான். மாசத்துல அந்த நாளு வந்தா நான் எங்கக்கா போவேன்? நீயே சொல்லு."

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து வேனில் அவளுக்கு யாரும் இடம்போட்டு வைக்கவில்லை. ஆம்பூர் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள், நின்றே வந்தாள். அந்த வேன் சிரிப்பும் சண்டையும்தான் அவள் நாளில் அவளுக்கென்று இருந்தது. அது நின்றுபோனது.

சில வாரம் கழித்து ஒருநாள் காலையில் என் தண்ணீர் பாட்டிலைக் காணோம். அம்மா எடுத்துப் போயிருந்தாள். அன்று நடந்ததைச் சின்னம்மா இன்றைக்கும் நடித்துக்காட்டுவாள். மிஷினில் உட்கார்ந்ததும் அம்மா பாட்டிலைத் திறந்து, சூப்பர்வைசரைப் பார்த்துக்கொண்டே மடக்மடக்கென்று குடித்தாளாம். கொஞ்ச நேரத்தில் எழுந்துபோய் டோக்கன் கேட்டாள். திரும்பி வந்து மறுபடி குடித்தாள். மறுபடி கேட்டாள். வேறொருத்தி டோக்கனோடு போயிருந்தபோது ஆணிக்கு எதிரிலேயே நின்றாள். அவள் மிஷினுக்கு முன்னால் தோல் மலையாகக் குவிந்தது. லைன் நின்றுபோனது. ஆபீசரே இறங்கி வந்தார்.

"உங்க பையன் உங்களப் பத்தி எவ்ளோ பெருமையா பேசினான்!"

"அவன் சின்னப் புள்ள சார், பேசினான். எனக்கு வந்தா போவணும் சார். எல்லாருக்கும் அப்படித்தான் சார்."

மறுநாளே அம்மாவை மிஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். முடிந்த ஷூக்களில் பிசிறு நூல் வெட்டுகிற மேசைக்கு மாற்றினார்கள். அது புதிதாகச் சேரும் பெண்களுக்குக் கொடுக்கிற வேலை. சம்பளமும் கம்மி. இரண்டாவது டோக்கன் திரும்பி வரவேயில்லை. ஆனால் மேசை மாற்றிய அன்று சாயங்காலம் வேனில் சின்னம்மா நகர்ந்து உட்கார்ந்து, "வாக்கா, குந்து" என்றாள். தெருமுனையில் நின்றிருந்த நான் பார்த்தேன், இருவரும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தபடி இறங்கினார்கள். பிரைஸ் வாங்கி வருகிறார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்குள், சம்பளம் குறைந்ததை அம்மா சொன்னதும் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இப்போது அம்மாவை நான்தான் வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். டாக்டர் கேட்கிற கேள்விகளுக்கு அவள் என் எதிரில் பதில் சொல்லக் கூச்சப்படுவாள் என்று நான் வெளியே வந்து நின்றுகொள்வேன். தினமும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். அவளுக்குத் தாகம் என்பதே எடுப்பதில்லை. கம்பெனிகளில் வேலைக்கு எடுப்பதற்கு முன் எங்களைப் போன்ற பையன்களுக்குப் பயிற்சி நடத்துகிறவர்கள், சின்ன வயதில் உடம்பில் ஏறிய பழக்கம் கடைசிவரை கூடவே வரும் என்கிறார்கள். உண்மைதான். யாருடைய லாபத்துக்காக ஏறிய பழக்கம் என்பதை மட்டும் அவர்கள் கேட்பதில்லை.

அன்று அம்மாவை மாற்றிய நூல் வெட்டுகிற மேசை பாத்ரூமுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே டோக்கன் கிடையாது, கேட்பாரும் கிடையாது. என் பாட்டிலை அம்மா சில நாள் எடுத்துப் போனாள். சாயங்காலம் அது நிறைந்தபடியே திரும்பி வந்தது. "இப்பத்தான் ஒருத்தனும் கேக்க மாட்டானே, குடியேன்க்கா" என்று சின்னம்மா சொல்வாள். "எறங்கலடி" என்பாள் அம்மா. பாட்டிலை வாங்கிக் குலுக்கிப் பார்த்து, தண்ணீர் குறையவே இல்லை என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அத்தனை பேர் முன்னால் மேடையில் நான் சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது என்றுதான் அம்மா குடிக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன்.