கூடக்குறைய இரண்டாயிரம்

நெம்மேலிக்குத் தெற்கே ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில் செங்கம்மாள் பன்னிரண்டு வருஷம் குஞ்சு எண்ணினாள். அதற்கு முன்னால் ஊரார் வயலில் நாற்று நட்டவள். குஞ்சு என்றால் கண்ணிமை மயிர் அளவுதான் இருக்கும். ஒரு பைக்கு இரண்டாயிரம். எல்லாப் பைக்கும் ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டிருந்தால் குஞ்சு செத்தே போகும். அதனால் ஒரே ஒரு வெள்ளை பேசினில் மட்டும் இரண்டாயிரம் எண்ணி விடுவாள். பிறகு தொட்டித் தண்ணீரைக் கையால் நன்றாகக் கலக்கி, டீ வடிகட்டியால் மொண்டு அடுத்த பேசினில் விட்டு, நெருக்கம் முதல் பேசினைப் போலவே இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால், "கூடக்குறைய ரெண்டாயிரம் சார்" என்பாள். மேனேஜர் சம்பத் சீட்டில் 2000 என்று எழுதிப் பையில் கட்டுவார். அந்தக் 'கூடக்குறைய' மட்டும் சீட்டில் ஏறாது. வினை அங்கேதான் வந்தது.

2001இல் குஞ்சு வாங்கிப்போன ஒருவர், வேலைவெட்டி இல்லாத மனுஷன், ஒரு பையைப் பிரித்து ஒவ்வொன்றாய் எண்ணியிருக்கிறார். 1870தான் இருந்ததாம். போனில் கத்தித் தீர்த்துவிட்டார்.

"நூத்தி முப்பது கம்மியாம், செங்கம்மா. அடுத்த மாசத்துலேர்ந்து பத்தாவது படிச்ச பொண்ணு ஒண்ணு எண்ணட்டும். நீ தொட்டி கழுவு" என்றார் சம்பத்.

தொட்டி கழுவுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் ஏழு வருஷமாக அவள் கண்ணை நம்பித்தான் லாரி கிளம்பியது. அந்தக் கண்ணையே பொய் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அழுகைதான் வரும் என்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த அறிவியல் கூட்டத்துக்குப் போனாள். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலையில் இருக்கும் ராகவன், லீவு நாளில் ஊர் ஊராகப் போய் வானத்தைப் பற்றிப் பேசுகிறவர், அன்று அங்கே வந்திருந்தார். சுழல் சுழலாக இருந்த ஒரு பெரிய படத்தைச் சுவரில் மாட்டினார்.

"இது ஒரு நட்சத்திரக் கூட்டம். நாம இருக்கறதும் இப்படி ஒண்ணுலதான். இதுல எத்தனை நட்சத்திரம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? கட்டம் போட்டு, ஒரு கட்டத்துல எண்ணிப் பெருக்கிடலாமா?"

"கணக்கு நிக்காது சார்" என்றாள் செங்கம்மாள். "நடுவுல மொய்ச்சிகினு கீது, ஓரத்துல வெறிச்சினு கீது. கலக்காம மொண்டா தப்பாத்தான் வரும். இத்த கலக்கவும் முடியாது. இன்னா பண்ணுவீங்க?"

ராகவன் சாக்பீஸைக் கீழே வைத்தார். இதுவரை எந்த ஊரிலும் யாரும் இப்படி மடக்கியதில்லை.

"அதனாலதாம்மா எடை போடறோம். ஓரத்து நட்சத்திரம் சுத்துற வேகத்தை வச்சு மொத்த எடை தெரியும். அதுல நட்சத்திரம் அல்லாததைக் கழிச்சிட்டு, சராசரி ஒரு நட்சத்திரத்தோட எடையால வகுக்கறது. நம்ம கூட்டத்துல பத்தாயிரம் கோடியிலேர்ந்து நாப்பதாயிரம் கோடி வரைக்கும் இருக்கும்."

"பத்தா, நாப்பதா?"

"சரியாத் தெரியாதும்மா. சின்னதும் மங்கலானதும்தான் ஜாஸ்தி, அதெல்லாம் லேசுல கண்ணுல படாது. அதனால ரெண்டையும் எழுதிடுவோம்."

"புக்குலயே எழுதுவீங்களா?"

"புக்குலயேதான்."

"உங்கள யாரும் தொட்டி கழுவச் சொல்லலியா சார்?"

ராகவனுக்குப் புரியவில்லை. எல்லாரும் சிரித்ததால் அவரும் சிரித்துவைத்தார்.

மறுநாள் காலை செங்கம்மாள் சம்பத் முன்னால் போய் நின்றாள். "அந்த ஆளு ஒரு பையத்தான சார் பிரிச்சாரு? நாம அஞ்சு பைய பிரிப்போம். நீங்களும் குந்துங்க."

சம்பத் முனகிக்கொண்டேதான் ஸ்பூனைக் கையில் எடுத்தார். பண்ணை ஆட்கள் எல்லாருமாக உட்கார்ந்து எண்ணினார்கள். மத்தியானத்துக்குள் அவர் கண்ணில் நீர் வழிந்தது. 1885, 2125, 1955, 2060, 1990. மொத்தம் பத்தாயிரத்துப் பதினைந்து. ஐந்து பைக்கு வெறும் பதினைந்து குஞ்சு கூட. சம்பத் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

"சரி. சீட்டுல இன்னா எழுதணும், சொல்லு."

"நானே எழுதறேன் சார்."

அறிவொளி வகுப்பில் படித்த எழுத்து, அதுவரை கையெழுத்துப் போட மட்டுமே உதவியது. பேனாவை அழுத்திப் பிடித்து, 'கூடகுறைய 2000' என்று எழுதினாள். நடுவில் ஒரு 'க்' விட்டுப்போனது. சம்பத் பார்த்தார், அப்படியே பையில் கட்டினார்.

2006இல் பண்ணையை மூடும்வரை வெள்ளை பேசின் அவளிடம்தான் இருந்தது. எல்லாப் பைகளும் அந்தச் சீட்டோடுதான் போயின. அதில் ஒரு எழுத்துக் குறைகிறது என்று ஒருத்தரும் போன் செய்யவில்லை.