மே மாதத்தில் துவைத்த கோட்டு

மல்லசமுத்திரம் பக்கம் இது நடந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த அறைக் கதவை உடைத்த இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். கோகிலவாணி மட்டும்தான் முழுசாகச் சொன்னாள். செல்போனைப் பார்த்துப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்ததால், நேரம்கூட அவளுக்கு மறக்கவில்லை.

அவள் கணவன் பூபதி, போர்வெல் ரிக் வண்டி டிரைவர். ஜனவரியில் இமாச்சல் மலையிலிருந்து திரும்பியவன், அதற்கப்புறம் வேலைக்கே போகவில்லை. கூட இருந்த ரங்கன் அங்கே குளிரில் செத்துப்போனதில் மனசு விட்டுப்போச்சு என்றான். மே மாதம் அந்த வண்டி ஊர் திரும்பியது. மலையில் விட்டுவந்த அவனுடைய பையை யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பைக்குள் ஒரு கோட்டு. முழங்கால் வரை நீளம், கருநீலம், உள்ளே இறகு அடைத்தது. டீசல் நாற்றம் அடித்தது.

"ஏனுங்க, இது உங்களுதுங்களா?"

பூபதி எட்டி நின்றே பார்த்தான்.

"யாரு குடுத்தா இதை?"

"உங்க பையிலதான் இருந்துச்சுங்க."

"கொண்டுபோய் எறிஞ்சுரு."

அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

எறிய அவளுக்கு மனசு வரவில்லை. ஏற்காட்டில் வாட்ச்மேனாக இருக்கும் தம்பிக்கு ஆகுமே என்று நினைத்தாள். எப்படித் துவைப்பது என்று செல்போனில் வீடியோ பார்த்தாள். சோப்புக் கட்டி கூடாது, கொஞ்சம் ஷாம்பு போதும். வெந்நீர் ஆகாது. முறுக்கக் கூடாது, அமுக்கித்தான் தண்ணீரை எடுக்க வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பெரிய டப்பில் ஊறப்போட்டாள். அப்போது மணி 11.40.

முதல் தண்ணீர் கறுப்பாக வந்தது. அது சரிதான்.

இரண்டாவது தண்ணீரில் கை வைத்தாள். ஜில்லென்றது. தொட்டித் தண்ணீர் கொதிக்கிற வெயில் அது. ஆனால் டப்பில் விரல் மரத்துப்போகிற குளிர். நிழலில் இருந்ததால் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது தண்ணீருக்கு அதைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. ஓர் ஆளைத் தூக்குகிற கனம்.

ஒருவழியாக இழுத்து, தகரச் சீட்டுக் கொட்டாயில் கயிற்றுக் கட்டில்மேல் விரித்தாள். இறகு கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது. வீடியோவில் சொன்னபடி உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பரப்பினாள். மார்புப் பக்கம் தட்டும்போது, அந்த இடம் மெதுவாக உப்பியது. பிறகு அடங்கியது. மறுபடியும் உப்பியது...

கையை எடுத்துக்கொண்டாள். காற்றுதான் என்றாள், வாய்விட்டு.

1.25. திரும்ப வந்து பார்த்தாள். கோட்டு நல்ல பக்கமாகத் திரும்பியிருந்தது. ஜிப்பு கழுத்து வரை ஏறியிருந்தது. அவள் அதைத் தொடவேயில்லை.

2.05. கட்டில் காலியாகக் கிடந்தது. அடியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

2.10.

டக்... டக்... டக்...

வீட்டுக்குள்ளிருந்து வந்தது. ஓடினாள். கணவன் படுத்திருந்த அறைக் கதவு. வெளியே யாருமில்லை. ஆனால் தட்டுகிற சத்தம் மட்டும் கதவின் இந்தப் பக்கமிருந்தே கேட்டது. அவள் முகத்துக்கு நேராக.

"ஏனுங்க..."

"தொறக்காத புள்ள. யாரு தட்டுனாலும் தொறக்காத."

டக்... டக்... டக்...

கதவு ஐஸ் கட்டி மாதிரி சில்லிட்டிருந்தது.

சட்டென்று தட்டல் நின்றது.

உள்ளே ஜிப்பு ஏறும் சத்தம். மெதுவாக... கீழிருந்து மேலே...

"ரங்கா... தொறந்தர்றேன்டா... தொறந்தர்றேன்..."

பிறகு பல் கிடுகிடுக்கும் சத்தம். ரொம்ப நேரம்.

பிறகு அதுவுமில்லை.

அவள் கத்தியதில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த இருவர் கதவை உடைத்தபோது மணி 2.40. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. பூபதி கோட்டை மாட்டிக்கொண்டு மூலையில் சுருண்டு கிடந்தான். உதடு நீலம். புருவமெல்லாம் வெள்ளையாகப் பனி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு தடவை கேட்டாராம், "இவரை எந்த ஐஸ் ரூமிலிருந்து எடுத்து வந்தீங்க?" என்று.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் குணசீலன் வந்தான். அதே மலைக்கு, கூடவே இன்னொரு வண்டியில் போனவன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"அக்கா, அது ரங்கண்ணன் கோட்டுங்க. டீசல் உறைஞ்சு வண்டி நின்னுபோச்சு. பைப்பைச் சூடு பண்ண அடியில பூந்தவரு, அழுக்காகுமின்னு கழட்டிப் பூபதியண்ணங்கிட்டக் குடுத்திருக்காரு. அண்ணன் அதை மாட்டிக்கிட்டு, அவரு திருப்பிக் கேப்பாருன்னு கேபினுக்குள்ள ஏறி லாக்குப் போட்டுக்கிட்டாருங்க. விடியக்கால நாங்க போய்ப் பாத்தப்ப ரங்கண்ணன் படியிலயே கெடந்தாரு. தட்டித் தட்டி விரல் முட்டியில தோலே இல்லீங்க. வெளிய சொல்லாதீங்கன்னு அண்ணன் எங்க கால்ல உளுந்தாரு."

கோகிலவாணிக்கு அழுகைகூட வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப அந்தக் கோட்டை நீங்கதான் பையில போட்டு அனுப்புனீங்களா?"

குணசீலன் நிமிர்ந்து பார்த்தான்.

"இல்லீங்கக்கா. ரங்கண்ணனைப் பெட்டியில வெக்கறப்ப அதை நாந்தான் அவருக்கு மாட்டி உட்டேன். அவரு ஊரு வெண்ணந்தூரு சுடுகாட்டுல அதோடவேதான் எரிச்சோம். சாம்பலாகுற வரைக்கும் பூபதியண்ணனும் பக்கத்துலதான் நின்னாரு."