தேயிலைத் தூளை ஊதிய நாள்கள்

வாய் கொப்பளித்த நீர் இடது கடைவாய் வழியே ஒழுகிச் சட்டையை நனைத்ததுதான் முதல் அறிகுறி. முந்தைய நாள் அப்புத்தளையிலிருந்து பண்டாரவளை வரை ரயில் சன்னலோரம் அமர்ந்து வந்திருந்தேன். பனிக்காற்றில் முகம் மரத்திருக்கும் என்று எண்ணினேன். கண்ணாடியில் என் முகத்தின் வலப்பாதி சிரித்தது. இடப்பாதி அசையவில்லை.

நான் பதுளைக் கடைவீதியில் பிறந்தவன். தோட்டத் துரைமார்களின் கிளப்பில் டிரம்பெட் ஊதுவதும் பாடுவதும் என் தொழில். ஜாஸ் என்னும் புதிய இசையை, கப்பலில் வந்த இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டே கற்றேன். பாட்டுகளுக்கு இடையே நான் உதிர்க்கும் வேடிக்கைப் பேச்சுக்காகவே வருவோரும் இருந்தனர். "துரைமாருங்க ஆடுறாங்க, நாங்க ஊதுறோம், மூச்சு வாங்குறதுல மட்டும் எல்லாரும் ஒரே சாதி" என்று தோட்டத்துக் கல்யாணங்களில் சொன்னால், தொழிலாளர் குடியிருக்கும் லயமே அதிரும்.

வைத்தியசாலையில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் சோதித்தார். நோயின் பெயர் முகவாதம் (முகத்தசைகளை இயக்கும் நரம்பு தளர்ந்து ஒரு பக்கம் செயலற்றுப் போதல்). மூடாத இடக்கண்ணைக் கட்டிவைக்கவும், வெந்நீர்த் துணியால் ஒற்றடம் கொடுக்கவும் சொன்னார்.

"திரும்ப ஊதலாமுங்களா, ஐயா?"

"ஆறு மாசம் அதைத் தொடாதையும். பிறகு பாப்பம்."

அப்போது ஆவணி. மார்கழியில் கிளப்பின் பெரிய நடனம். அதில் என் இடத்தில் வேறொருவர் நின்றுவிட்டால், பிறகு அது என் இடமாக இராது என்று அஞ்சினேன்.

ஆகவே, மனைவி சிவகாமி கோயிலுக்குச் செல்லும் வேளைகளில் டிரம்பெட்டின் வாய்முனையை வலப்பக்கம் தள்ளிவைத்து ஊதினேன். ஒலி வந்தது. குணமாகிவிட்டேன் என்றே நம்பினேன். உண்மையில், உழைத்த வலப்பக்கம் வலுத்து, முகத்தை மேலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த முறை டாக்டர் என் வாயைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஊதினீரோ?"

"இல்லைங்க."

"அப்ப இந்த வளையம்? உதட்டோரத்தில நிலா முளைச்சிருக்கோ?"

வாய்முனையின் தழும்பு என்னைக் காட்டிக்கொடுத்திருந்தது. "வலப்பக்கத்தாலதாங்க ஊதினேன். இடப்பக்கத்துக்கு லீவு குடுத்திருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. "அந்த லீவு முடியாமலே போயிடும்."

இந்நோயுற்றோர்க்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றே: நல்ல பக்கத்தைக் கொண்டு நோயுற்ற பக்கத்தை மறைக்க முயலாதீர்கள்.

நாள்தோறும் ஒரு சுடரை ஊதி அணைத்துப் பழகச் சொன்னார் டாக்டர். சிவகாமி உடன்படவில்லை.

"வீட்டு விளக்க வாயால ஊதுறதா? அது ஆகாதுங்க. இருங்க."

ஒரு வெண்தட்டில் தேயிலைத் தூளைத் தூவிக் கொண்டுவந்து வைத்தாள். என் வலக்கன்னத்தைத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். இடப்பக்கம் மட்டுமே ஊத வேண்டும். நான் ஊதினேன். தூள் கிடந்தபடியே கிடந்தது. அடுத்தடுத்த நாள்களிலும் அப்படியே.

"இன்னைக்கும் நகரல."

"நாளைக்கு ஊதுங்க. அது எங்க போயிடப் போகுது?"

மார்கழி நடனத்தில் வேறொருவர் ஊதினார். அந்த மாலையிலும் தட்டின் முன்தான் அமர்ந்திருந்தேன். தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரேயொரு துகள் நகர்ந்தது. ஐயத்தோடு சிவகாமியை ஏறிட்டேன்.

"நான் மூச்சே விடலீங்க" என்றாள்.

சித்திரையில், அப்புத்தளைத் தோட்டமொன்றின் கல்யாணத்தில் டிரம்பெட்டை வாயின் நடுவே வைத்தேன். முதற்சுரம் நடுங்கினாலும் நின்றது. உடனே பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. உதடு குவியும்போதெல்லாம் என் இடக்கண் தானே மூடிக்கொண்டிருந்தது. இது இணையியக்கம் (மீண்டும் வளரும் நரம்பிழைகள் தடம் மாறி, உதட்டுக்கான ஏவலைக் கண்ணுக்கும் கொண்டுசெல்லுதல்) என்று டாக்டர் பின்னர் விளக்கினார். மாறாது என்றும் சொன்னார்.

"அம்பது வயசுல யாருக்குக் கண்ணடிக்கிறீங்க?" என்று சிவகாமி கேட்டாள்.

"கேட்டுச் சொல்றேன். எனக்கே தெரியல."

கிளப்பில் இப்போது மார்கழியில் ஊதியவரும் நானுமாக இருவர் ஊதுகிறோம். விரைவான பாட்டுகள் அவருக்கு, மெதுவானவை எனக்கு. சுரத்துக்குச் சுரம் இடது உதடு வந்துசேரும் வரை காத்திருக்கிறேன். பாட்டும் உடன் காத்திருக்கிறது. கண் மூடுகிறது, அவையோர் சிரிக்கின்றனர். முன்பென்றால் அந்த இடைவெளியில் மூன்று வேடிக்கையாவது சொல்லியிருப்பேன். இப்போது சிரிப்பு அடங்கட்டும் என்று நின்று, மூச்சை இழுத்து, அடுத்த சுரத்தை எடுக்கிறேன்.